சடையனுக்கு நான் ராவிக் கொடுத்த பல் செட்டு

அன்றைக்கு அந்தக் கடுக்காய் குடோனில் இருந்தவர்கள் ஐந்து பேர். டாக்டர். போட்டோ பிடிக்க ஒடுகத்தூரிலிருந்து கூட்டிவந்த ஸ்டுடியோக்காரர். நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்த சடையன். சுவர் ஓரமாக முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்ற அவர் பெண்சாதி காசியம்மா. அப்புறம் நான், பல் கட்டும் மெக்கானிக் சூசை. ஆறாவது ஆள் கிடையாது. ஜீப் டிரைவர் வெளியே சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அவரைச் சேர்க்காதீர்கள்.

ஏன் இவ்வளவு கறாராகத் தலை எண்ணுகிறேன் என்றால், இந்த ஐந்து பேரில் ஒருவர் பிற்பாடு "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்றார். ஒருவர் "நான் மலைக்கே போகவில்லை" என்றார். ஒருவர் பேச முடியாமல் போனார். மீதி நானும் காசியம்மாவும். காசியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் நான் எழுத வேண்டியிருக்கிறது.

நம் சங்கக் கூட்டத்தில் வந்து இளம் மெக்கானிக்குகளுக்கு நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். மேடையில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன், யாராவது படித்துவிடுங்கள். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததைத் திருத்தாதீர்கள்.

இப்போது நீங்கள் தாடை எலும்பில் திருகு வைத்து, அது எலும்போடு ஒட்டுகிறவரை மாதக்கணக்கில் காத்திருந்து, அதன் மேல் செட்டை ஏற்றுகிறீர்கள். நான் சொல்வது எண்பதுகளில் நடந்தது. எங்கள் பக்கத்தில் இம்பிளான்ட் என்ற வார்த்தையையே கேட்டவர்கள் கிடையாது. எங்கள் டாக்டர் மூன்று மாதம் வெளிநாடு போய்விட்டு வந்தார். வரும்போது ஒரு தகரப் பெட்டி கொண்டுவந்தார். உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள் டைட்டானியத் தகடுகள். சவர பிளேடைவிடக் கொஞ்சம் கனம், நடுவில் ஓட்டை ஓட்டையாக இருக்கும், மேலே கழுத்து மாதிரி நீண்டு ஒரு குமிழ். ஈறைக் கீறி, எலும்பில் பள்ளம் எடுத்து, தகட்டைச் சின்னச் சுத்தியால் தட்டி இறக்குவார். குமிழ் மட்டும் வெளியே நிற்கும். வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. அந்த இரண்டு குமிழின் மேல் நான் செய்கிற கீழ் செட்டு உட்கார வேண்டும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் கை நல்ல கை. அவ்வளவு சுத்தமாகப் பல் பிடுங்கிய ஆளை நான் அப்புறம் பார்த்ததில்லை. கெட்ட கையாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை கோபம் வந்திருக்காது.

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நாங்கள் ஜீப்பில் ஜவ்வாது மலை ஏறுவோம். குடோனைப் பெருக்கி, ஒரு மர நாற்காலி, காலால் மிதிக்கிற டிரில், மண்ணெண்ணெய் ஸ்டவ், என் பிளாஸ்டர் டப்பா. அதுதான் கேம்ப். சடையன் அங்கே வந்தவர்தான். புளிய மரம் ஏறுகிறவர். மரத்திலிருந்து ஒரு தடவை விழுந்ததில் கீழ்ப் பற்கள் பாதி போயின. மீதியும் மேல் பற்களும் ஈறு அழுகி விழுந்துவிட்டன. மேலுக்கும் கீழுக்கும் சாதாரண செட்டு நானே செய்து கொடுத்திருந்தேன். மேல் செட்டு பிடித்துக்கொண்டது. கீழே எலும்பு தேய்ந்து வழுக்கையாக இருந்ததால் செட்டு நிற்கவில்லை.

"மரத்து மேலேர்ந்து ஒரு கொரலு குட்த்தா கீழ வுழுந்துடுதுங்க சாமி," என்றார் டாக்டரிடம்.

காசியம்மா சிரிக்காமல் சொன்னார்: "ஒரு வாட்டி நான்தான் கூடையில புட்ச்சேன். இன்னாடா இது, புளியில பல்லு மொளச்சிக்கிதுன்னு பாத்தேன்."

மரம் ஏறுகிறவருக்கு வாய் மூன்றாவது கை. இரண்டு கையும் கிளையைப் பிடித்திருக்கும். அரிவாளின் பிடியை, கயிற்றின் முனையை, சாக்கின் வாயை, எல்லாவற்றையும் பல்லால்தான் கவ்வ வேண்டும். பல் இல்லாத ஆளைக் குத்தகைக்காரர்கள் மேலே ஏற்ற மாட்டார்கள். கீழே நின்று உதிர்ந்த புளியைப் பொறுக்கினால் பாதிக் கூலி. வீட்டில் நாலு பிள்ளைகள். ஆக, சடையன் அழகுக்காகவோ கறி தின்னவோ பல் கேட்கவில்லை. வரப்போகிற புளி சீசனில் மரம் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

டாக்டர் அவருக்குத் தகடு வைக்கலாம் என்றார். பாதி விலை, தொள்ளாயிரம். சடையன் இரண்டு மாட்டை விற்றுக் கொண்டுவந்தார். பாதி விலைக்குக் காரணம் எனக்குத் தெரியும். மெட்ராஸில் டாக்டர்கள் மாநாடு இருந்தது. அதில் காட்ட, முதலிலிருந்து முடிவு வரை ஒரு முழு கேஸ் போட்டோவோடு அவருக்கு வேண்டும்.

தகடு வைத்த இரண்டாவது வாரம் நான் அச்சு எடுத்தேன். கீழே வந்து செட்டைச் செய்தேன். அதற்கு அடுத்த கேம்பில் போட்டுவிட வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும். அடுத்த வாரம் மாநாடு.

இங்கே என் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பயந்த ஆள். ஸ்டவ்வை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவன். எந்த வாய்க்கும் இரண்டு அச்சு எடுப்பேன். வேலை ஆரம்பிக்கும்போது ஒன்று, செட்டைப் போடுகிற அன்றைக்கு ஒன்று. ஒரு தடவை வளைந்த தட்டில் எடுத்த அச்சை நம்பிச் செட்டு செய்து, அது ஒரு டீச்சரம்மா வாயில் நுழையாமல், பிளாஸ்டிக்குக்கு ஆன செலவை என் சம்பளத்தில் பிடித்தார்கள். அதிலிருந்து அப்படி. "சூசை பொண்ணு பாக்கப் போனாலும் ரெண்டு வாட்டி பாத்திருப்பான்" என்று கிளினிக்கில் சிரிப்பார்கள்.

அன்றைக்கும் குடோனில் இறங்கியதும் இரண்டாவது அச்சு எடுத்துப் பிளாஸ்டர் ஊற்றி வைத்துவிட்டேன். டாக்டர் மற்ற ஜனங்களுக்குப் பல் பிடுங்கி முடிப்பதற்குள் அது காய்ந்துவிட்டது. எல்லோரும் போன பிறகு சடையனை உட்கார வைத்தார்கள். நான் ஜன்னல் பக்கம் போய்ச் செட்டை எடுத்து, முதல் அச்சில் ஊற்றின பிளாஸ்டர் மாடலில் வைத்தேன். பெட்டி மூடி மாதிரி உட்கார்ந்தது. புது மாடலில் வைத்தேன். உட்காரவில்லை. வலது பக்கம் தூக்கியது. அழுத்தினால் டக்கென்று ஆடியது.

இரண்டு மாடலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வலது குமிழ் ஒரு நெல் அளவு உள்பக்கம் சாய்ந்திருந்தது. எலும்பில் தட்டி இறக்கிய தகடு இரண்டு வாரத்தில் சாயுமா? சாய்ந்தால் எலும்பு அதைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். இதற்கு டாக்டருக்குப் படித்திருக்க வேண்டாம். கம்பம் நட்ட எவனுக்கும் தெரியும்.

சடையன் வாயில், வாய்க்குள் பார்க்கிற கண்ணாடிக் குச்சியின் பின்பக்கத்தால் அந்தக் குமிழை மெல்லத் தொட்டேன். அசைந்தது. சடையன் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தார்.

டாக்டரை வாசல் பக்கம் கூப்பிட்டேன். "சார், வலது பக்கம் ஆடுது."

"மாடல் சரியா ஊத்தியிருக்க மாட்ட."

"இல்ல சார், வாயிலயே தொட்டுப் பாத்தேன். ஆடுது."

"சூசை, பூட்டுன பூட்ட மூணு தடவ இழுத்துப் பாக்கறவன் நீ. உனக்கு எல்லாந்தான் ஆடும்."

உள்ளேயிருந்து ஸ்டுடியோக்காரர் குரல் கொடுத்தார்: "சார், வெளிச்சம் எறங்குது. என் பிளாஷ்ல பேட்டரி வேற சரியில்ல. எடுக்கறதுன்னா இப்பவே எடுத்துடணும்."

டாக்டர் என் தோளில் கை போட்டார். அதுவரைக்கும் போட்டதில்லை. "உள்ள வலது பக்கம் அரத்தால கொஞ்சம் ராவிக் குடு. உக்காந்துடும். நான் பாத்துக்கறேன்."

தம்பிகளா, இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களில் ஒரு சின்னப் பையனைக் கேட்டாலும் சொல்லிவிடுவான். "ராவ மாட்டேன்" என்று அரத்தைக் கீழே வைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, குமிழ் நுழைகிற குழியை வலது பக்கம் அகலப்படுத்தினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேர்த்தியாக வேறெதையும் ராவினதில்லை. தவறு செய்கிற கைக்கு எங்கிருந்துதான் அந்த நிதானம் வருகிறதோ.

செட்டு உட்கார்ந்தது. டாக்டர் பையிலிருந்து ஒரு மலை நெல்லிக்காயை எடுத்துச் சடையனிடம் கொடுத்து, "கடி" என்றார். சடையன் கடித்தார். பிளாஷ் அடித்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது அவருக்கு.

"பாத்தியா, ஆனந்தக் கண்ணீர்," என்றார் டாக்டர்.

அது என்ன கண்ணீர் என்று எனக்குத் தெரியும். அது தெரிந்தும் பிளாஸ்டர் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

காசியம்மா கேட்டார்: "மரம் ஏறலாமா சாமி?"

"நாலு நாள் போகட்டும். அப்புறம் தாராளமா ஏறச் சொல்லு."

அந்தம்மா அதோடு விடவில்லை. என்னிடம் வந்தார். ஊரில் எல்லோருக்கும் செட்டு மாட்டிக் கழற்றச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான், அந்த உரிமை. "நீ இன்னாண்ணா சொல்ற? ஏறலாமா?"

நான் சொன்ன பதில்: "டாக்டர் சொல்றதுதாம்மா."

இத்தனை வருஷத் தொழிலில் நான் சொன்ன மிக அயோக்கியத்தனமான இரண்டு வார்த்தை அது. அதில் பொய் இருந்தது என்று ஒருத்தரும் நிரூபிக்க முடியாது. அதுதான் அதன் அயோக்கியத்தனம்.

மாநாட்டில் போட்டோவுக்குக் கைதட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். அடுத்த கேம்புக்குச் சடையன் வரவில்லை. அதற்கு அடுத்ததில் வந்தார். வந்தார் என்றால் நடந்து இல்லை. கம்பில் போர்வையைத் தூளி கட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலது பக்கம் தாடை பலாக்கொட்டையை அதக்கினது மாதிரி வீங்கி, தாடைக்குக் கீழே உடைத்துக்கொண்டு சீழ். நல்ல காய்ச்சல். டாக்டர் தகட்டைப் பிடுங்க இடுக்கி எடுத்தார். இடுக்கி தேவைப்படவில்லை. இரண்டு விரலில் வந்துவிட்டது, சேற்றில் நட்ட குச்சி மாதிரி.

எங்கள் ஜீப்பிலேயே கீழே கொண்டுபோய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தாடை எலும்பு விரிசல் விட்டு, ஒரு பக்கம் அழுகியிருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைக் கம்பியால் கட்டினார்கள். உயிர் தப்பியது. இனி எந்த செட்டும் அந்த வாயில் நிற்காது என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். புளி சீசன் போனது. அந்த வருஷத்து சீசன் மட்டும் இல்லை.

மலையில் பஞ்சாயத்து பேசுகிற ஊர்க் கவுண்டர் ஆள் அனுப்பினார். டாக்டர் வந்து பதில் சொல்லாவிட்டால் இனி ஜீப் மேலே வர வேண்டாம் என்று. டாக்டர் கிளம்பினார். என்னையும் வரச் சொன்னார். ஜீப்பில் ஏறி ஏழெட்டு வளைவு போன பிறகு பேசினார்:

"நீ ஒண்ணும் பேச வேண்டாம். பெரிய பொண்ணுக்கு நர்ஸ் டிரெய்னிங்குக்கு சிபாரிசு லெட்டர் கேட்டிருந்தியே, திங்கக்கிழமை வாங்கிக்க."

"சரிங்க சார்," என்றேன். ஆமாம், சரி என்றுதான் சொன்னேன். என் மடியில் பை. பையில் அந்த இரண்டு மாடலும். வீரத்தில் எடுத்துப்போனேன் என்று நினைக்காதீர்கள். லேபில் வைத்துவிட்டுப் போனால் திரும்பி வருவதற்குள் காணாமல் போயிருக்கும் என்ற பயம். அவ்வளவுதான்.

குடோன் வாசலில் ஜனம் உட்கார்ந்திருந்தது. டாக்டருக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள். ஸ்டுடியோக்காரருக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் வரவில்லை, போட்டோ எடுத்த அன்றைக்கு மலைக்கே போகவில்லை என்று சொல்லிவிட்டாராம். டாக்டர் எழுந்து நின்று நிதானமாகப் பேசினார்.

"நாலு மாசம் மரம் ஏறக் கூடாதுன்னு நான் தெளிவா சொன்னேன். இந்த ஆள் ஏறி அருவாளக் கவ்வியிருக்கான். தகடு பிடுங்கிக்கிச்சு. நான் இன்னா பண்ண முடியும்? இவங்களுக்குச் சொன்னா எங்க புரியுது?"

சடையன் என்னவோ சொல்ல எழுந்தார். தாடை கம்பியால் கட்டியிருக்கிறது. 'ம்ம்... ம்ம்' என்று சத்தம்தான் வந்தது, கூடவே எச்சில் ஒழுகியது. காசியம்மா முந்தானையால் துடைத்துவிட்டார். துடைக்கத் துடைக்க அவர் கையைத் தள்ளிவிட்டு மறுபடி பேசப் பார்த்தார். தன் கேஸைத் தானே சொல்ல முடியாதபடி ஒரு மனிதன் வாயைக் கட்டிவிட்டு, அவன் எதிரில் நின்று ஒருவர் இப்படிப் பேசுகிறார். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

எப்போது எழுந்தேன் என்று தெரியாது. பையைத் திறந்துவிட்டேன்.

"கவுண்டரே, ஒரு தொடப்பக் குச்சி வேணுங்க."

யாரோ ஈர்க்குக் குச்சி ஒன்றை உருவிக் கொடுத்தார்கள். முதல் மாடலில் இரண்டு குமிழுக்கும் நடுவே உள்ள தூரத்துக்குச் சரியாக அதை நறுக்கினேன். கவுண்டரிடம் கொடுத்தேன். "நீங்களே வெச்சிப் பாருங்க. இது முதல்ல எடுத்த அச்சு." குச்சி இரண்டு குமிழுக்கும் நடுவில் சரியாகப் படுத்தது. "இப்போ இதுல வெய்ங்க." இரண்டாவது மாடலில் குச்சி இறங்கவில்லை. கவுண்டர் திருப்பி வைத்தார், சாய்த்து வைத்தார். இறங்கவில்லை.

"பிளாஸ்டர் காஞ்சா சுருங்கும்," என்றார் டாக்டர்.

"சுருங்காது சார். கெட்டியாவறப்ப மயிரளவு விரியும். நீங்கதான் எனக்குச் சொல்லிக் குட்த்தீங்க."

கவுண்டர் என்னைப் பார்த்தார். "இந்த ரெண்டாவது எப்ப எட்த்தது?"

"போட்டோ புட்ச்ச அன்னிக்கிங்க. செட்டு மாட்டறதுக்கு முன்னாடி."

"அப்ப சடையன் மரம் ஏறல."

"ஏறலைங்க. ஏறலாம்னு சொன்னதே அதுக்கப்புறந்தான். சொன்னது இவரு."

கூட்டத்தில் சத்தம் கிளம்பியது. எனக்குப் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அரை நிமிஷம்தான்.

"அப்ப அன்னிக்கே ஆடுதுன்னு உனக்குத் தெரியும்," என்றார் கவுண்டர்.

"தெரியுங்க."

"ஆடறது மேல செட்டு எப்டி குந்திச்சி?"

"நான்... உள்ள ராவிட்டேங்க."

காசியம்மா எழுந்தார். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"நான் அந்தாள மட்டுமாண்ணா கேட்டேன்? அந்தாளு வெளியூருகாரன், எதையோ சொல்லிட்டுப் பூடுவான்னுதான் உன்னியாண்ட வந்து கேட்டேன். நீ ஒரு வார்த்த வாணாம்மான்னு சொல்லியிருந்தா நான் இவர ஏற வுட்டிருப்பேனா?"

இரண்டு மாடலையும் எடுத்துத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

கவுண்டர் நாலைந்து பெரியவர்களோடு தள்ளிப்போய்ப் பேசிவிட்டு வந்தார். வாங்கின தொள்ளாயிரம் திரும்ப வர வேண்டும். ஆஸ்பத்திரிச் செலவு, ஒரு சீசன் கூலி, இரண்டுக்கும் சேர்த்து ஆயிரத்து இருநூறு. ஆக இரண்டாயிரத்து நூறு. அதில் டாக்டர் தர வேண்டியது ஆயிரத்து எண்ணூறு. நான் முந்நூறு.

"இவன் உண்மைய சொன்னவனாச்சே," என்று யாரோ எனக்காகப் பேசினார்கள்.

"லேட்டா சொன்னான். சொன்னதாலதான் முந்நூறு," என்றார் கவுண்டர்.

டாக்டர் எல்லோர் முன்னாலும் "தந்துடறேன்" என்றார். ஜீப்பில் ஏறினார். நான் ஏறப் போனபோது டிரைவரைப் பார்த்து "போ" என்றார். பஸ் மறுநாள் காலைதான். நடந்து இறங்கினேன். திங்கட்கிழமை லெட்டரும் இல்லை, வேலையும் இல்லை. மலை கேம்ப் அதோடு நின்றது. நின்றதற்குக் காரணம் மலைக்காரர்களின் முரட்டுத்தனம் என்று அவர் டவுனில் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதை நம்பினவர்கள் நிறைய.

உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். ஆடுகிற கால் தெரியாமல் இருக்கப் பந்தலை வளைத்துக் கட்டாதீர்கள். செட்டு உட்காரவில்லை என்றால் அது செட்டின் குற்றமாகவே இருக்க வேண்டியதில்லை. ராவுவதற்கு முன்னால் ஏன் உட்காரவில்லை என்று கேளுங்கள். கேட்டுப் பதில் வராவிட்டால் அரத்தைத் தொடாதீர்கள். "அவர் படித்தவர், நான் மெக்கானிக்" என்ற பேச்சை என்னிடம் எடுத்துக்கொண்டு வராதீர்கள். அந்தப் பேச்சுக்குள் ஒளிந்துகொண்டவன் நான், அதற்குள் எவ்வளவு சௌகரியமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். படிக்காதவனுக்கும் விரல் இருக்கிறது. ஆடினால் விரலுக்குத் தெரியும். இன்னொன்று: நோயாளி வந்து உங்களிடம் ஒரு கேள்வி கேட்டால், அவர் உங்களை நம்பித்தான் கேட்கிறார். பதிலை டாக்டர் தலையில் தள்ளாதீர்கள்.

கண்ணமங்கலத்தில் ஒரு சின்ன லேபில் பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்தேன். முந்நூறை மாதம் ஐம்பதாக ஆறு மாதத்தில், ஒவ்வொரு தடவையும் நேரே மலை ஏறிப் போய்க் கொடுத்தேன். கடைசி ஐம்பதைக் கொடுக்கப் போனபோது சடையன் வீட்டு வாசலில் உட்கார்ந்து சாமைக் கூழை ஓரமாகச் சாய்த்துக் குடித்துக்கொண்டிருந்தார். பாதி வாய்க்குள், பாதி மார்பில். பேச்சு கொஞ்சம் திரும்பியிருந்தது. ஆனால் காசியம்மாவுக்கு மட்டும்தான் புரிந்தது.

"குந்துன்றாரு," என்றார் காசியம்மா. உட்கார்ந்தேன். பணத்தை எண்ணாமல் வாங்கி மடியில் சொருகிக்கொண்டு, "அந்தாளு குட்த்தானா?" என்று கேட்டார்.

"இல்லம்மா."

"நீ கேட்டியா?"

"ரெண்டு வாட்டி போனேன். ஒரு வாட்டி பாக்கலன்னுட்டாங்க. ஒரு வாட்டி பாத்துட்டு, கோர்ட்டுக்குப் போன்னு சொன்னாரு."

சடையன் என்னவோ சொன்னார். காசியம்மா எனக்கு அதைத் திருப்பிச் சொன்னார்: "கேக்கறத வுட்றாதன்றாரு."

விடவில்லை. டாக்டர் இருந்தவரைக்கும் வருஷத்துக்கு ஒரு கடிதாசி எழுதினேன். அவருக்கு அப்புறம் கிளினிக்கை நடத்துகிற அவர் மகனுக்கும் எழுதுகிறேன். போன மாதமும் ஒன்று போட்டேன். சடையன் காலமாகிவிட்டார். காசியம்மா இருக்கிறார். மலையில் அதே வீடு, கேட்டால் யாரும் காட்டுவார்கள். என் முந்நூறு போக, டாக்டர் பக்கம் நிற்கிற பாக்கி ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.